நுங்கு மருந்து கேட்டு ஆள் வந்தது

1

ஊரில் இதைப் படிக்கிறவர்களிடம் முதலிலேயே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மருந்து வாங்கிவரச் சொல்லி யாரும் என்னிடம் ஆள் அனுப்ப வேண்டாம். என்னிடம் மருந்து இல்லை. வீட்டுக்குள் ஒரு குலை பழத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் வந்தவரிடம் "பழம் ஒண்ணும் இல்லியே" என்போமே, அந்த 'இல்லை' இல்லை இது. நிஜமான 'இல்லை'.

இவ்வளவு கறாராகச் சொல்ல வேண்டி வந்தது வைகாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை நடந்ததால்தான்.

நான் இருப்பது ஜெர்மனியில் ஒரு சின்னப் பல்கலைக்கழக ஊர். கணவருக்கு வேறு ஊரில் வேலை, மாதத்தில் பாதி நாள் அங்கே. வீட்டில் நானும் மகள் மீனாவும். இங்கே சனிக்கிழமை காலையில் யாரும் யார் வீட்டு மணியையும் அடிப்பதில்லை. அடித்தால் ஒன்று பார்சல்காரர், இல்லாவிட்டால் கீழ்வீட்டு அம்மாள், நான் குப்பையைத் தப்பான தொட்டியில் போட்டுவிட்டேன் என்று சொல்ல. அன்று மணி அடித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, குப்பை விஷயத்தில் என்ன பதில் சொல்லலாம் என்று ஜெர்மன் மொழியில் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் கட்டிக்கொண்டே கதவைத் திறந்தேன்.

வாசலில் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். கையில் நீல நிறத்தில் ஒரு ஐஸ் பை.

"பகவதி அக்காவாக்கும்?" என்றாள்.

கட்டிவைத்த வாக்கியம் வீணாகப் போயிற்று. "ஆமா, நீ யாரு?" என்றேன்.

"நான் ஷீபா. தக்கலை. இங்க பக்கத்து டவுண் ஆஸ்பத்திரில நர்ஸு. எனக்க அண்ணனும் ஒங்க அண்ணனும் ஆரல்வாய்மொழில ஒரே காத்தாடி கம்பெனில வேல. செவ்வாக்கெழம லீவுக்கு ஊருக்குப் போறேன். ஒங்க அண்ணன் பறஞ்சாவ, அக்காட்ட ஒரு மருந்து உண்டு, மறக்காம வாங்கிட்டு வரணும்னு. பெட்டில எடம் ஒழிச்சு வச்சிருக்கேன். ஐஸ் வேணுமோ என்னவோன்னு இதையும் எடுத்துட்டு வந்தேன்."

"என்ன மருந்து?"

"நுங்கு மருந்துன்னாக்கும் சொன்னாவ."

வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். குமரி மாவட்டத்தில் இது தபால் மாதிரி ஒரு ஏற்பாடு. திருவனந்தபுரத்தில் இறங்கப்போகிற யாராக இருந்தாலும், அவர் பெட்டியில் கொஞ்சம் இடம் ஊருக்குச் சொந்தம். தைலம், டார்ச் லைட், முழங்கால் பட்டை, பிள்ளைக்குச் சப்பாத்து, எல்லாம் இப்படித்தான் வீடுவீடாகப் போய்ச் சேர்கிறது. அண்ணனிடம் இருக்கிற துளைபோடும் மெஷின் துபாயிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் பெட்டியில் வந்தது. வெளிநாட்டில் இருக்கிற எதுவும் ஆள் போனால் வரும் என்பது அண்ணனுடைய உறுதியான நம்பிக்கை. அது இதுவரை பொய்த்ததில்லை.

ஷீபாவை உட்காரவைத்து டீ கொடுத்து, ஆய்வுக்கூடத்தில் நான் செய்கிற மருந்து இன்னும் எலிக்குத்தான் என்று சொன்னேன். அவள் நர்ஸ், ஒரே தடவையில் புரிந்துகொண்டாள். புரிந்ததும் கையிலிருந்த கப்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்போ ஒங்க அண்ணன் எதுக்கு ஊசிய நிறுத்துனாவ?"

"எந்த ஊசிய?"

"திருவனந்தபுரத்துல போடுகது. ரெண்டோட நிறுத்தியாச்சு, பகவதி மருந்து வருது, பின்ன எதுக்கு அந்தக் கொடுமன்னு எங்கண்ணன்ட்ட சொன்னாவளாம். ஒங்களுக்குத் தெரியாதா அக்கா?"

எனக்குத் தெரியாது.

2

அண்ணன் பெயர் நீலகண்டன். சுசீந்திரத்தில் வீடு, ஆரல்வாய்மொழியில் வேலை. காற்றாலைக் கம்பத்துக்குள் ஏணி வழியாக ஏறி, உச்சியில் உள்ள மெஷினைப் பழுதுபார்க்கிற ஆள். தை மாதம் அவனுக்குக் குடலில் ஒரு கட்டி இருப்பது தெரிந்து, திருவனந்தபுரத்தில் வெட்டி எடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது மிச்சம் இருந்தால் அதைக் கொல்ல, சில மாதங்களுக்கு, விட்டு விட்டு ஊசி போட வேண்டும் என்றார்கள். ஊசி என்று நாங்கள் சொல்வது கீமோ. அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை, நோயின் பெயரையும் சொல்வதில்லை. "அது" என்றால் போதும்.

இனி நுங்கு மருந்து. அந்தப் பெயர் அண்ணன் வைத்தது. பல்கலைக்கழகத்தில் அதற்கு ஒன்றரை வரி நீளத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது.

நம் உடம்பில் புரதம் எதனால் ஆகியிருக்கிறதோ, அதே அமினோ அமிலங்களில் கொஞ்சத்தை எடுத்துக் கோத்தால் ஒரு சின்னச் சங்கிலி கிடைக்கும். பெப்டைடு என்று பெயர். நாங்கள் கோக்கிற சங்கிலிக்கு ஒரு பக்கம் தண்ணீர் பிடிக்கும், மறுபக்கத்துக்கு ஆகவே ஆகாது. தண்ணீரில் விட்டதும் ஆகாத பக்கங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒளிந்துகொள்ளும். அப்படி அடுக்கடுக்காகச் சேர்ந்து நூலாகும், நூல்கள் பின்னி வலையாகும். யாரும் கையால் அடுக்குவதில்லை, தானே அடுக்கிக்கொள்ளும். அந்த நானோ வலை தண்ணீரை நகரவிடாமல் பிடித்து வைப்பதால், பார்க்க இளநுங்கு மாதிரி இருக்கும். முதலிலேயே மருந்தைக் கலந்துவிட்டால் அது வலைக்குள் மாட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வரும். கட்டி இருக்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்தால் அங்கேயே இருந்து வேலை செய்யும், உடம்பெல்லாம் ஓடிப்போய்த் தொந்தரவு கொடுக்காது.

இதில் என் வேலை பெரும்பாலும் சும்மா இருப்பது. உப்பும் சூடும் சரியாக இருக்க வேண்டும், அப்புறம் பாட்டிலைத் தொடக் கூடாது. இரண்டையும் செய்ய எனக்குப் பல வருடம் பிடித்தது. உறைந்துவிட்டதா என்று பார்க்க முதல் சோதனை, பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்ப்பது. விழாவிட்டால் வெற்றி. விலையுயர்ந்த கருவிகள் நிறைந்த கூடத்தில் பெரிய படிப்புப் படித்த நாலைந்து பேர் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நிற்போம்.

பங்குனியில், இரண்டாவது ஊசி போட்ட மறுநாள், அண்ணன் வீடியோவில் பேசினான். பக்கத்தில் பக்கெட் இருந்தது. கம்பத்து உச்சியில் நின்று பீடி பிடிக்கிற ஆள் சுவரில் சாய்ந்துகொண்டு பேசினான்.

"ஏட்டி, ஒனக்க மருந்துல வாந்தி வருமா?"

"வராதுண்ணே."

"முடி கொட்டுமா?"

"கொட்டாது."

"பின்ன அது எப்ப வரும்?"

"எலிக்கு நல்லா வேல செய்யுது. மனுஷனுக்கு வர இன்னும் கொஞ்ச நாள் ஆவும்."

ஒவ்வொரு பதிலும் உண்மை. எலிக்கு வாந்தி வரவில்லை. எலிக்கு வாந்தி எடுக்கவே தெரியாது என்பதை அப்போது சொல்லத் தோன்றவில்லை. "கொஞ்ச நாள்" என்று எங்கள் துறையில் சொன்னால் பத்து வருடம், அல்லது ஒருபோதும் இல்லை. சுசீந்திரத்தில் கொஞ்ச நாள் என்றால் ஷீபா பெட்டி கட்டுகிற நாள்.

3

ஷீபாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஷீபா வந்தாளா? குடுத்து விட்டியா?" என்றான்.

"அண்ணே, நீ ஊசிக்குப் போவல்லியா?"

"அத விடு. ஐஸ் வைக்கணுமா, சும்மா கொண்டுவரலாமா?"

"கொண்டுவர ஒண்ணும் இல்லண்ணே. அது எலிக்கு உள்ள மருந்து."

"எலிக்குக் குடுப்ப, அண்ணனுக்குக் குடுக்க மாட்டியோ?"

இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. அரை மணி நேரம் படம் போட்டுக் காட்டிப் பேசுகிற பதில். ஆனால் கேள்வியை அவன் கேட்ட விதத்துக்கு அந்தப் படம் எதுவும் பொருந்தவில்லை. சட்டம், அனுமதி, மனிதருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று யாருக்கும் தெரியாது, கிருமி இல்லாமல் தயாரிக்க வேறு கூடம் வேண்டும் என்று என்னென்னவோ சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"எனக்கு மனசிலாவுது. கம்பெனி ரகசியம் காணும். போன்ல பேசாண்டாம்."

"ரகசியம் ஒரு மண்ணும் இல்ல. சத்தியமா மருந்து இல்லண்ணே."

"சரி சரி. சின்ன பாட்டில் போரும்."

வைத்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் அண்ணன் மனைவி, என் மைனி, கூப்பிட்டாள், குரலைத் தாழ்த்தி.

"பகவதி, நான் அடுக்களைல நின்னு பேசுகேன். டாக்டரு ரெண்டு தடவ போன் பண்ணியாச்சு. இந்த மாசம் முடியதுக்குள்ள வந்து தொடங்கல்லன்னா இதுவர போட்டதெல்லாம் வீணாப் போவும், வேற எடத்துல கெளம்பிரும்னாவ. ஒனக்க அண்ணன் காதுலயே வாங்க மாட்டேங்காவ. தங்கச்சி பாத்துக்கிடுவான்னு சொல்லிட்டு ஒறங்கிருகாவ. நல்லா ஒறங்குகாவ, அதாக்கும் எனக்குப் பயம்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. பயமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் நான் பாத்திரம் கழுவுவேன். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். ஷீபா ஐஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க நேர்ல போனா கேப்பாவல்லா அக்கா?" என்றாள்.

4

நேரில் போகலாம். பாஸ்போர்ட் இருந்தால்.

என் பெயர் பகவதி. அப்பா பெயர் தாணுமாலயன். ஊரில் நான் தா. பகவதி, யாருக்கும் ஒரு குழப்பமும் இல்லை. இங்கே வந்ததும் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். அப்படி ஒன்று கிடையாது என்றேன். கிடையாது என்று எழுத அவர்களிடம் உள்ள படிவத்தில் கட்டம் இல்லை. அப்பா பெயரை எடுத்து அங்கே போட்டார்கள். அன்றிலிருந்து நான் திருமதி தாணுமாலயன். சுசீந்திரம் கோயில் தாணுமாலயனுக்கும் கன்னியாகுமரி பகவதி அம்மனுக்கும் நடக்கவிருந்த கல்யாணம் நேரம் தெரியாமல் கோழி கூவியதால் நின்றுபோனது என்பது நம் ஊரில் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அந்தக் கல்யாணத்தை ஜெர்மன் நகராட்சி அலுவலகம் முத்திரை குத்தி நடத்தி முடித்துவிட்டது.

பாஸ்போர்ட் காலாவதியாகப் போகிறது என்று புதுப்பிக்கக் கொடுத்தேன். பழைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லை, இங்குள்ள குடியிருப்பு அட்டையில் இருக்கிறது, ஆகவே இரண்டு பேரும் ஒரே ஆள்தானா என்று நம்முடைய தூதரகத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விசாரிக்கச் சுசீந்திரம் வீட்டுக்கு ஒரு போலீஸ்காரரை அனுப்பினார்கள். அண்ணன் அவரை உட்காரவைத்து மோர் கொடுத்து, என் தங்கச்சி அதுக்கே மருந்து கண்டுபிடித்தவள் என்று சொல்லியிருக்கிறான். போலீஸ்காரர் தன் மாமியாருக்கு மூட்டுவலிக்கு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனாராம்.

திங்கட்கிழமை தூதரகத்துக்குப் போன் செய்து, அவசரமாக ஊருக்குப் போக வேண்டும் என்றேன்.

"என்ன அவசரம்?"

"அண்ணனுக்கு உடம்பு சரியில்லை."

"ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறதற்குச் சான்றிதழ் அனுப்புங்கள்."

"அவன் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்பதுதான் அவசரம்."

அந்த அதிகாரி, மிகவும் மரியாதையாக, ஆஸ்பத்திரியில் சேராதவருக்கு ஆஸ்பத்திரிச் சான்றிதழ் எப்படிக் கிடைக்கும் என்று என்னிடமே கேட்டார். அண்ணன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் என்னை விடுவார்கள். நான் போனால்தான் அண்ணன் ஆஸ்பத்திரியில் சேருவான். நன்றி சொல்லிப் போனை வைத்தேன். அவர்மேல் தப்பில்லை, அவரிடமும் கட்டம் இல்லை.

5

மீனா இதையெல்லாம் சாப்பாட்டு மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளி இறுதித் தேர்வு எழுதி முடித்திருந்தாள். சிநேகிதிகளோடு கூடாரம் எடுத்துக்கொண்டு போர்ச்சுகல் கடற்கரைக்குப் போவதாகத் திட்டம்.

மீனாவுக்குத் தமிழ் புரியும். பேசுவது அடுக்களைத் தமிழ். எழும்பு, சாப்பிடு, கதவ அடை, பொய் சொல்லாத. நான் அவளிடம் பேசியது அவ்வளவுதான், அவள் கற்றதும் அவ்வளவுதான். "பாப்போம்", "ஆவட்டு", "பின்ன சொல்லுகேன்" என்று இல்லையைச் சுற்றிவளைத்து நோகாமல் சொல்ல நம்மிடம் ஒரு தமிழ் இருக்கிறதே, அது அவளிடம் இல்லவே இல்லை. ஊரிலிருந்து பேசுகிறவர்களை எல்லாம் நீ, வா, போ என்பாள். நான் ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்பேன்.

அவளும் நானும் அதிகம் பேசிக்கொள்ளாமல் ஆகி ஒரு வருடம் இருக்கும். போன கோடையில் பள்ளியிலிருந்து இரண்டு வாரம் வேலை பழக அனுப்பினார்கள், என் ஆய்வுக்கூடத்துக்கே வந்தாள். முதல் வாரம் சந்தோஷமாகப் பாட்டில் கவிழ்த்தாள். இரண்டாவது வாரம் எலிக்கூடம். அன்றிலிருந்து மீன் இல்லை, முட்டை இல்லை, தயிர் இல்லை. மீன் கறி வைத்தால் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை என்று ஜெர்மனில் சொல்வாள். அங்கே என்ன பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டால் பதில் சொல்ல வேண்டி வரும், அதனால் கேட்கவில்லை.

நான் தூதரகத்துப் போனை வைத்ததும் மீனா, "நான் போறேன்," என்றாள்.

"எங்க?"

"மாமாட்ட. ஷீபாகூட."

"நீ போய் என்ன சொல்லுவ? நான் சொல்லியே அவனுக்குப் புரியல்ல."

"நீ ரொம்ப நல்லா சொல்ற அம்மா. அதான் மாமாக்குப் புரியலை."

அவளிடம் ஜெர்மன் பாஸ்போர்ட்டும் இந்திய வம்சாவளி அட்டையும் இருந்தன. ஆரல்வாய்மொழி என்று சொல்ல நாக்கு வராத என் மகள், யாரிடமும் அனுமதி கேட்காமல் ஊருக்குப் போகலாம். ஷீபாவிடம் சொன்னேன். "ஒங்க அண்ணன் பெட்டில எடம் கேட்டாவ, இப்போ நீங்க பெட்டிக்குப் பக்கத்துல எடம் கேக்கியளா," என்று சிரித்துவிட்டு, அதே விமானத்தில் டிக்கெட் இருக்கிறதா என்று அவளே பார்த்தாள். இருந்தது. போர்ச்சுகல் சிநேகிதிகளுக்கு மீனா என்ன சொன்னாளோ தெரியாது. செவ்வாய்க்கிழமை இருவரையும் வண்டி ஏற்றிவிட்டு வந்தேன். ஷீபா அந்த ஐஸ் பையைக் காலியாகவே தோளில் மாட்டிக்கொண்டு போனாள்.

6

சுசீந்திரம் வீட்டிலிருந்து மீனா வீடியோவில் கூப்பிட்டபோது இங்கே மத்தியானம். போனைச் சாய்த்து வைக்க ஒன்றும் கிடைக்கவில்லை போல. மல்லாக்க மேசையில் வைத்துவிட்டாள். அதனால் அடுத்து நடந்ததில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மின்விசிறி மட்டும்தான். காது மட்டும் கேட்டது.

"மாமா, நீ ஊசி போட போ."

"போவலாம் மக்களே. மொதல்ல அம்ம தந்து விட்டத எடு பாப்போம்."

"அம்மா ஒண்ணும் தரலை. அம்மா மருந்து எலிக்கு."

"எலிக்குக் கொணமாச்சுல்லா?"

"ஆச்சு."

"பின்ன என்ன?"

"பின்ன எலி செத்துச்சு."

மின்விசிறி சுற்றியது.

"கொணமாச்சுன்னுல்லா சொன்ன?"

"ஆமா, கொணமாச்சு. கட்டி போச்சு. நல்லா ஓடிச்சு, நல்லா சாப்ட்டுச்சு. பின்ன அம்மா கொன்னாச்சு."

"ஐயோ, கடவுளே," என்றது மைனியின் குரல்.

நான் இங்கே போனை வாய்க்கு அருகில் கொண்டுபோய், "அப்படி இல்ல, நான் வெளக்கமா சொல்லுகேன்" என்று கத்தினேன். அங்கே யாருக்கும் கேட்கவில்லை. மீனா என் ஒலியை அடைத்து வைத்திருந்தாள்.

"கொணமான எலிய எதுக்குட்டி கொல்லுகது?" அண்ணன் குரல் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

"உள்ள பாக்க. கட்டி முழுசா போச்சா, ஈரல் நல்லா இருக்கா, எல்லாம் வெட்டி பாக்கணும். மருந்து குடுத்த எலி, குடுக்காத எலி, எல்லாம். அது ரூல்."

"ஒண்ணுகூடவா தப்பிச்சதில்ல?"

"இல்லை."

"நல்லா கொணமானதுகூட?"

"அத தான் மொதல்ல, மாமா."

கம்பத்தின் உச்சியில் காற்றடிக்கும்போது ஒரு கையை விட்டுவிட்டுப் போன் பேசுகிற ஆள் அண்ணன். அவன் பயந்து நான் பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை, மின்விசிறியைத்தான் பார்த்தேன்.

"இத ஒங்கம்மயா செய்யது? அதுக்கு வேற ஆள் கெடையாதா?"

"இருக்கு. அம்மா குடுக்காது. அம்மா கை வேகம். எலிக்கு வலிக்கக்கூடாதுன்னு அம்மாவே பண்ணும்." பிறகு, வேறு ஏதோ விஷயம் சொல்வது போல, "அன்னிக்கு அம்மா சாப்பிடாது," என்றாள்.

"ஏன்?"

"வயிறு சரியில்லைன்னு சொல்லும். பொய். எல்லா தடவையும் அன்னிக்கு மட்டும் வயிறு சரியில்லை. நான் பாத்தேன்."

ஆய்வுக்கூடத்தின் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து அறைக்காரர் கடந்துபோனபோது தலையாட்டி வணக்கம் சொன்னேன். நான் சாப்பிடாத நாட்கள் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இவள் என்மேல் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். கோபமாகத்தான் இருந்தாள். கோபத்தோடு உட்கார்ந்து என் தட்டையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அண்ணன் மைனியிடம், "ஏய், அந்த ஆஸ்பத்திரிப் பைய எங்க வச்ச?" என்றான். "நாளைக்குக் காலத்த திருவனந்தபுரத்துக்கு மொத வண்டி எப்போன்னு கேளு."

அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பியது என்னுடைய ஆராய்ச்சி என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். மனிதர் ஒருவருக்கு அதனால் நன்மை கிடைத்தது இதுதான் முதல் தடவை.

7

மாதம் முடிவதற்குள் ஊசி மறுபடி தொடங்கியது. இடையில் விட்டதற்கு டாக்டர் நன்றாகத் திட்டினாராம். திட்டு முழுவதையும் மீனா எனக்கு அடுக்களைத் தமிழில் சொன்னாள், டாக்டர் சொன்னதைவிட மோசமாக இருந்திருக்கும். இன்னும் சில ஊசிகள் பாக்கி. எல்லாம் முடிந்து படம் எடுத்துப் பார்த்தால்தான் எப்படி என்று தெரியும். அதுவரை யாருக்கும் ஒன்றும் தெரியாது, எனக்கும்தான்.

கூடாரம் மீனா இல்லாமலே போர்ச்சுகல் போய்த் திரும்பிவிட்டது. அண்ணனுக்கு ஊசி ஏறும்போது பக்கத்தில் உட்காருவது இவள்தான். "மாமா வாந்தி, நான் பக்கெட் பிடிச்சேன்," என்று செய்தி அனுப்புவாள், ஏதோ விளையாட்டில் ஜெயித்த மாதிரி. எப்போது திரும்பி வருவாய் என்று கேட்டேன்.

"பாப்போம்," என்றாள்.

அந்த வார்த்தை அவள் வாயில் வந்ததைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஷீபா லீவு முடிந்து வந்தாள். மறுபடியும் ஒரு சனிக்கிழமை, மறுபடியும் மணி. தோளில் அதே நீல ஐஸ் பை, இந்தத் தடவை கனமாக.

"ஒங்க அண்ணன் தந்து விட்டாவ," என்று மேசைமேல் வைத்தாள்.

உள்ளே ஐஸ் இல்லை. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள் இரண்டு, வாய் நிறைய முந்திரிக்கொத்து. பாசிப்பயறும் சர்க்கரைப் பாகும் பிடித்து, மாவில் முக்கிப் பொரித்தது. நம் பக்கத்தில் கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் செய்வது. இப்போது கல்யாணமும் இல்லை, பண்டிகையும் இல்லை.

"எதுக்கு இது?" என்றேன்.

"அண்ணன் பறஞ்சத அப்படியே சொல்லுகேன். எலிய கொல்லுத அன்னைக்கு அவ பட்டினி கெடக்கப்படாது, அன்னைக்கு இத எடுத்துத் தின்னச் சொல்லு, மறக்காம சொல்லணும்னு. ஒங்க மைனி உருட்டும்போ அண்ணன் பக்கத்துலயே இருந்தாவ. அவ்வொளுக்கு அந்த மணமே ஆவல்ல, ரெண்டு தடவ வெளிய போய் வாந்தி எடுத்துட்டு வந்து பின்னயும் இருந்தாவ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஷீபா நர்ஸ், அழுகிறவர்களைப் பார்த்துப் பழக்கம். எழுந்து போய் டீ போட்டாள். சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. தூதரகத்தில் பகவதியும் பகவதி தாணுமாலயனும் ஒரே ஆள்தான் என்று கிட்டத்தட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

புதன்கிழமை எலி நாள். வேலை முடிந்து, கைகழுவி, அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டுத் தாழ்வாரத்து ஜன்னல் பக்கம் போய் நின்று ஒரு முந்திரிக்கொத்தை எடுத்தேன். கல் மாதிரி இருந்தது. மைனிக்கு எப்போதும் பாகு முற்றிப்போகும். முழுசையும் கடித்து விழுங்கிவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டேன். முந்தின நாள்தான் அவனுக்கு ஊசி. அதிலிருந்து வாயில் ஒன்றும் போகவில்லை என்று மீனா சொல்லியிருந்தாள்.

"தின்னுட்டேண்ணே," என்றேன்.

"முழுசுமா?"

"முழுசும்."

அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு தூரத்தில் திரும்பிச் சொன்னான்: "மீனா மக்களே, அந்தக் கஞ்சிய இங்க எடு."